நாலு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈக்களுக்குச் சமைத்துப் போடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பிய பிறகு சிரிப்பார்கள். "வியாபாரம் இல்லாதவன் கடையில உக்காந்து ஈ ஓட்டுவான். நீங்க ஈக்குச் சமைச்சுப் போடுறீங்களா?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டே விட்டார். அந்தச் சமையலைச் செய்கிற அக்கா கோபப்படவில்லை. "ஆமா. வச்சத வச்சபடி சாப்பிடும். உப்பு இல்ல, உறைப்பு இல்லன்னு ஒரு பேச்சு பேசாது. வீட்ல இருக்கிறவங்களுக்கு ஈ எவ்வளவோ தேவலை" என்றாள்.

அந்தச் சமையலறைக்கு அடுத்த அறையில் குப்பி கழுவுகிறவள் நான். வேலையில் பக்கத்து அறை, வீட்டில் எதிர்க் கதவு. மூன்றாவது மாடியில் அவர்கள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அவளை அக்கா என்பேன், அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்பேன். முறை வைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று தப்பு. பதினெட்டு வருஷமாக யாரும் திருத்தவில்லை, நானும் மாற்றவில்லை.

ஈச் சமையலை லேசாக நினைத்துவிடக் கூடாது. சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், கூழ் உறைவதற்குக் கொஞ்சம் அகர் தூள். எல்லாவற்றையும் அண்டா அளவு பாத்திரத்தில் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். அடி பிடித்தால் அவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான். இறக்கி, பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் பூஞ்சை பிடிக்காமலிருக்க அமிலத்தை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டிலேயே ஊற்றினால் ஆவி கிளம்பி மூக்கைப் பொசுக்கிவிடும். ஆராய்ச்சி செய்கிற மேடம் சில நாள் ஏதாவது மருந்து கொடுத்தனுப்புவார். அதையும் அந்தக் கூழிலேயே கலந்துவிட வேண்டும். பிறகு விரல் தடிமன் குப்பிகளில் அரை விரல் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு குப்பி. ஊற்றி முடித்துத் துணி போட்டு மூடும்போது அவள் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் நான்தான் பிடித்துவிடுவேன்.

அண்ணன் தெருவிளக்கு பழுது பார்க்கிறவர். ஆள் நெடுநெடுவென்று இருப்பார், தொழிலும் ஏணியோடுதான், அதனால் எல்லோருக்கும் அவர் 'ஏணி'. பெரிய சாலைகளில் தூக்கி வண்டி உண்டு. கூடையில் நின்றபடி மேலே போய் வேலை பார்க்கலாம். குறுகலான சந்துகளுக்குள் அந்த வண்டி நுழையாது. அங்கெல்லாம் அண்ணன்தான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். கூட ஒரு டிரைவர், கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள. சாயங்காலம் விளக்கு எரியத் தொடங்கும் நேரம்தான் இவர்களுக்கு வேலை நேரம். எரியாத விளக்கு எது என்று அப்போதுதானே தெரியும்.

அந்த மனிதரிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமையும் இல்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. இருபது கிலோ ஏணியோடு ஒரே மூச்சில் ஏறி வந்தவர், போன மழைக்காலத்தில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்க ஆரம்பித்தார். நின்று, அங்கே தொங்குகிற பல்பை அண்ணாந்து பார்ப்பார். விளக்குக்காரர் விளக்கைப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று எல்லோரும் தாண்டிப் போனோம். ஒரு நாள் காய்கறிப் பையோடு நான் பின்னால் வந்தபோது பார்த்தேன். கண் பல்பின்மேல் இருந்தது, கை கைப்பிடிக் கம்பியை முழங்கை வரை அணைத்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, நல்லாத்தானே எரியுது?"

"எரியுது எரியுது. நீ போ."

"நீங்க போங்க முன்னாடி."

"வயசுல பெரியவங்கள முந்திப் போனா தப்பில்ல. போம்மா."

நான் போகவில்லை. அவர் சட்டையின் இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே, துணி படபடவென்று அசைவது எனக்கே தெரிந்தது. காற்றே இல்லாத படிக்கட்டு அது.

டாக்டரிடம் போனார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், துடிப்பு அங்கங்கே தாளம் தப்புகிறது என்றார்கள். சர்க்கரை பத்து வருஷமாக இருப்பதுதான், காலை மாலை மாத்திரை. கால் சதை வற்றியிருக்கிறது, வயிறு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் இளகுகிறது. எல்லாவற்றுக்கும் அறுபது வயசு என்கிற ஒரே காரணத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு அதில் மனசு ஆறவில்லை. காரணம் இருந்தது. அண்ணனுடைய அண்ணன், அவளுக்கு மூத்தார், ஐம்பத்தெட்டு வயதில் மறக்க ஆரம்பித்து அறுபத்து மூன்றில் போய்ச் சேர்ந்தவர். கடைசி வருஷம் தன் பெண்டாட்டியைத் திருடி என்று சொல்லி வீட்டு வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த அம்மா மழையில் நின்றதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். அண்ணனும் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவர் சொன்னாராம்: "எனக்கு இது வந்துச்சுன்னா, வர்றதுக்கு முன்னாடியே எப்படியாவது நிறுத்திப்புடு. உன்னப் பாத்து யாருன்னு கேக்குற நாள் எனக்கு வேணாம்." அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை, ஆனால் செய்ததைப் போலத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே நரம்பு டாக்டரிடமும் கூட்டிப் போனாள். அவர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். அண்ணன் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, "உங்க ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டாவது கம்பத்துல மூடி உடைஞ்சிருக்கு, மழைத்தண்ணி இறங்கும். எழுதிக் குடுங்க, வந்து மாத்துறேன்" என்றாராம். டாக்டர் சிரித்து, தலை கெட்டியாக இருக்கிறது என்று அனுப்பினார். அன்று அக்கா எனக்கு ஒரு கிண்ணம் கேரட் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சர்க்கரை போட்டுச் சமைத்ததை நான் சாப்பிட்டது அதுதான் கடைசி.

மறு வாரம்தான் மேடம் எங்களைக் கூப்பிட்டார். மேடம் என்றால் எங்கள் ஆராய்ச்சிக்காரப் பெண். அக்கா மகள் வயசுதான். நல்ல பிள்ளை. கழுவுகிறவள், சமைக்கிறவள் என்று பாராமல், செய்கிற வேலை எதற்கு என்று காட்டுகிறவர். அன்று திரையில் ஒரு ஈயின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நடுவில் நூல் மாதிரி ஒரு குழாய் சுருங்கி விரிந்தது.

"இதுதான் அதோட இதயம்மா. நல்ல ஈ. பாருங்க, ஒரே சீரா அடிக்குது." அடுத்த ஈயை வைத்தார். குழாய் இரண்டு தடவை அடித்தது, நின்றது, நடுங்கியது, மறுபடி அடித்தது. "இது நோயாளி. மறதி நோய் வர்றவங்க மூளையில சேருமே ஒரு புரதம், அத இதோட உடம்புல வர வச்சிருக்கோம்."

"இதயத்துலயா மேடம்?" என்றாள் அக்கா.

"அதுதான் வேடிக்கை. இந்தக் கூட்டத்துக்கு நரம்புல மட்டும்தான் வர வச்சோம். ஆனா பாருங்க, நெஞ்சும் கெடுது, கால் சதையும் கெடுது. இந்தப் பொல்லாத சாமான் தலையோட நிக்கிறதில்ல."

பிறகு ஏற்றச் சோதனை காட்டினார். பத்து ஈயை நீளக் குழாயில் போட்டு மேசைமேல் மூன்று தட்டு. எல்லாம் அடியில் விழும். பத்து நொடிக்குள் எத்தனை கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று எண்ண வேண்டும். ஈக்கு மேலே ஏறுவது பிறவிக் குணம். நல்ல குழாயில் ஒன்பது ஏறின. இன்னொன்றில் இரண்டு ஏறின. மூன்றாவது பாதி வழியில் நின்று கண்ணாடியை அணைத்துக்கொண்டது. மற்றவை அடியிலேயே கால்களை அசைத்தன.

"அதுங்களுக்கு ஏறணும்ங்கிறது மறந்து போச்சா மேடம்?"

"மறக்கல. ஏறப் பாக்குது, முடியல. இந்த வயசுல ஞாபகமெல்லாம் ஓரளவு சரியாத்தான் இருக்கு. முதல்ல காலு."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன், மாவு காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். நானும் அதே இரண்டாவது மாடித் திருப்பத்தைத்தான் நினைத்தேன்.

"ஈயில பாத்தத அப்படியே மனுஷனுக்குச் சொல்ல முடியாதும்மா" என்று மேடம் சொன்னார். சொல்லாமல் இல்லை. அவர்மேல் பழி போடக் கூடாது. ஆனால் காது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிடும்.

அந்தச் சமயத்தில் மேடம் இன்னொன்றும் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி ஈக்களில் பாதிப் பேருக்கு நாள் முழுக்கச் சாப்பாடு. மீதிக்குப் பகலில் மட்டும். சாயங்காலமானால் அவற்றை வேறு குப்பிக்கு மாற்றிவிடுவார்கள். அதில் வெறும் ஜெல்லிதான், நாக்கை நனைத்துக்கொள்ளலாம், சத்து ஒன்றும் கிடையாது. அதையும் அக்காதான் காய்ச்சுவாள். நாங்கள் அதைப் பட்டினிக் குப்பி என்போம். குப்பிகள் கடைசியில் என்னிடம்தான் வரும், செத்த ஈயைத் தட்டிக் கொட்டிவிட்டுக் கழுவுவேன். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்: "அக்கா, பட்டினிக் குப்பில சாவு கம்மியா இருக்கு. நல்லாச் சாப்பிடுறதுதான் பொத்து பொத்துன்னு விழுது."

"எண்ணிப் பாத்தியா?"

"கழுவுறவளுக்குத் தெரியாதா?"

அவள் மேடத்திடம் போய்க் கேட்டாள். ஆமாம், நேரம் குறித்துச் சாப்பிடுகிற ஈக்கள் கொஞ்சம் நன்றாக ஏறுகின்றன, நெஞ்சும் சீராக இருக்கிறது, ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மேடம் சொன்னார். தன் வீட்டுக்காரரைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடத்துக்கு முன்னால் சொன்னாள்: "தலைக்குப் போறதுக்குள்ள நிறுத்திப்புடணும்டி. இன்னும் போகல. டாக்டரே சொல்லிட்டார்ல."

"எப்படிக்கா?"

"எனக்குத் தெரிஞ்சது சமையல்தானே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு அணைந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். மறுநாள் காலை எட்டுக்குத்தான் அடுத்த சாப்பாடு. அண்ணன் முதலில் கேலி செய்தார். "ஈக்கும் எனக்கும் ஒரே சமையல்காரி. அது பறக்குது, நான் ஏணில ஏறுறேன். பெருசா வித்தியாசம் இல்ல" என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் ஒரு நாளும் மறுக்கவில்லை. அவளும் மறைக்கவில்லை. ஈயையும் சொன்னாள், இதயக் குழாயையும் சொன்னாள், மூத்தாரையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "நீ சொன்னா சரிதான். நான் தாங்கிக்கிறேன்" என்றார்.

இரண்டு வாரத்தில் படியில் நிற்கிற நேரம் குறைந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். நான் என் கதவுக்குப் பின்னால் நின்று அவர் காலடியை எண்ணிப் பார்ப்பேன். அக்கா தன் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணுவாள். பத்து நொடியில் எத்தனை படி என்று. படித்த பிள்ளைகள் செய்கிற வேலையைப் படிக்காத இரண்டு பேர் கதவிடுக்கில் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் பதினாறு வந்தது, அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலையையும் விடவில்லை. காலையில் ரொட்டியை முன்னால் வைத்துவிட்டு, அவர் பார்க்கிற விளக்குக் கம்பங்களின் எண்ணைச் சொல்லிக் கேட்பாள்.

"எழுபத்தொண்ணு?"

"தையல் கடை முக்கு. காக்கா கூடு கட்டும்."

"நூத்திப் பதிமூணு?"

"பள்ளிக்கூடப் பின்சுவர். அங்க கம்பமே சாஞ்சுதான் நிக்கும். ஏம்மா, எனக்குப் பரீட்சையா, ரொட்டியா?"

"ரெண்டும்தான். சாப்பிடுங்க."

இருநூற்று நாற்பது கம்பத்தில் ஒன்றுகூட அவர் தப்பவிட்டதில்லை. தலை இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு படி பதினாறிலிருந்து பதிமூன்றானது. பன்னிரண்டானது. சட்டை தோளில் தொளதொளத்தது. அந்த நேரத்தில் விட்டிருக்க வேண்டும். யாராயிருந்தாலும் இளைக்கிற ஆளுக்கு ஒரு வாய் அதிகம் வைப்பார்கள். அக்கா எதிராகப் போனாள். பத்தவில்லை, நேரம் இன்னும் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான் சாப்பாடு, நாலு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். வேலைக்குப் போகும் முன் ஐந்தரைக்கு அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாடு அதோடு நின்றது.

"அக்கா, ஆள் துரும்பா ஆயிட்டாரே" என்றேன்.

"பட்டினிக் குப்பில உள்ளதும் துரும்பாத்தான் இருக்கு. ஏறுதுல்ல?"

செத்த ஈயின் கணக்கைச் சொன்ன வாய்தானே என்னுடையது.

ஒரு சாயங்காலம் அண்ணன் வேலைக்குக் கிளம்பி என் வாசலில் நின்றார். "உன் வீட்ல என்ன வாசனை?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். கொண்டுவரட்டுமா என்றேன். எதிர்க் கதவைத் திரும்பிப் பார்த்தார். "வேணாம். அவளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா. வாசனைக்கு நேரம் காலம் கிடையாதுல்ல, அது போதும்" என்று சொல்லி, நின்று இன்னும் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுப் படி இறங்கினார். அடுப்பை அணைத்துவிட்டு வெகு நேரம் அந்தக் கிழங்கை நான் தொடவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் அது நடந்தது.

மழை விட்டு வெளுத்திருந்த ஒரு சாயங்காலம். அன்று வேலை நீண்டு, நானும் அக்காவும் அப்போதுதான் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தோம். அக்காவின் போன் அடித்தது. டிரைவர்தான். அவர் பேசியது எனக்கே கேட்டது.

"அண்ணி, அண்ணன் மேல நிக்கிறாரு. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறாரு."

"மேலன்னா?"

"ஏணில. ஒம்பதாவது படில. தண்ணி ஊத்துன மாதிரி வேர்த்துக் கொட்டுது. கைய ஏணிக்குள்ள விட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. அண்ணே அண்ணேன்னு கத்துறேன், என்னைய பாக்குறாரு, ஆனா பாக்கல அண்ணி."

இரண்டு சந்து தள்ளியிருந்த அந்த இடத்துக்கு நாங்கள் ஓடிப் போவதற்குள் டிரைவர் ஏணியை இரண்டு பேரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு மேலே ஏறி, பின்னாலிருந்து அவரை உடம்போடு அணைத்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறக்கிக்கொண்டிருந்தார். நாலாவது படியில் அண்ணன் முழுப் பாரமும் சரிந்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள். டிரைவருக்கு மணிக்கட்டு பிசகியது. அண்ணன் கண் திறந்திருந்தது, உதடு என்னவோ சொன்னது, வார்த்தை வரவில்லை. கை கால் வெட்டி இழுத்தது. அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அக்கா கேட்டது எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. "எழுபத்தொண்ணு எதுங்க? சொல்லுங்க. எழுபத்தொண்ணு?"

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் மறுபடியும் குத்திப் பார்த்தாள். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத சர்க்கரை இருபத்தெட்டு. பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் வெளியே வந்து கேட்டார்: "சர்க்கரை மாத்திரை எப்ப போட்டார்?"

"அஞ்சரைக்கு. எப்பவும் போல" என்றாள் அக்கா.

"சாப்பாடு?"

அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான். எங்கள் கூடத்தில் மருந்து என்றால் சாப்பாட்டில் கலந்துதான் போகும். அவள் கையாலேயே சொட்டு எண்ணிக் கலப்பாள். சாப்பாட்டை நிறுத்தினால் மருந்தும் தானாக நின்றுவிடும். சாப்பாடில்லாமல் மருந்து மட்டும் எந்த ஈக்கும் போனதில்லை. வீட்டில் மாத்திரை வேறு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் வந்து, கிழமை எழுதிய டப்பாவில் காலை மாலை என்று போட்டுவிட்டுப் போவாள். அது அவள் பொறுப்பு, இது இவள் பொறுப்பு. பன்னிரண்டு வருஷம் ஈக்குக் கலந்து கலந்து, இரண்டும் ஒன்று என்று அவள் கை பழகிப்போயிருந்தது.

மறுநாள் அவருக்கு நினைவு தெளிந்தது. டாக்டர் அவரிடமே கேட்டார், ஏன் சாப்பிடவில்லை என்று. மகளும் நின்றாள், அக்காவும் நின்றாள்.

"பசிக்கல சார். நானாத்தான் விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

"இல்ல, நான்தான்…" என்று அக்கா தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. எனக்குப் பசிக்காததுக்கு நீ என்ன பண்ணுவ."

மகள் சின்னப் பிள்ளை இல்லை, பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிற டீச்சர். வராந்தாவில் அம்மாவை நிறுத்தி எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். ஈ, குழாய், பட்டினிக் குப்பி, நாலு மணி. கேட்டு முடித்து அவள் கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டப்பாவுல சாயங்கால மாத்திரையப் போட்டிருக்க மாட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மேடத்திடமும் அக்காவே போய்ச் சொன்னாள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"கேட்டேன் மேடம். ஈக்குக் கேட்ட மாதிரி கேட்டேன்" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். சர்க்கரை அவ்வளவு நேரம் இறங்கிக் கிடந்தால் மூளையிலும் அடிபடலாம். பட்டிருக்கிறதா என்று போகப் போகத்தான் தெரியும். நெஞ்சும் காலும் ஏற்கெனவே கெட்டதற்கு என்ன காரணம் என்றும் அவருக்குத் தெரியவில்லை. தலைக்குள் படம் எடுத்துப் பார்க்கலாம், குடும்பத்தில் இருந்திருப்பதால் பார்ப்பது நல்லது என்றார். அண்ணன் வேண்டாம் என்றார். அக்கா எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

பிறகு வீடு மாறிப்போனது. ஏணி வேலை போயிற்று. மகள் ஒரு தாளில் நேரம் எழுதிக் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். எட்டு மணி, பதினொன்று, ஒன்றரை, நாலு, ஏழு. அக்கா வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லி, மணி பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். அண்ணன் உடம்பு கொஞ்சம் தேறியது. கம்பத்து எண் கேட்பதை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். நாலு மணிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சூப். அண்ணன் ரசித்துச் சாப்பிட்டார். டிரைவரின் மணிக்கட்டை விசாரித்தார். இரண்டாவது மாடித் திருப்பத்து பல்பு மங்கலாக இருக்கிறது, வீட்டு ஓனரிடம் சொல்லச் சொன்னார். எழுந்து போய்க் கை கழுவி, துண்டில் துடைத்து, மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தட்டை எடுத்து அலம்பி வைத்தாள், மேசையைத் துடைத்தாள். நானும் அவளும் என் தங்கை வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். துடைத்த மேசையைப் பார்த்தார். அப்புறம் விருந்தாளி முன்னால் கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி அக்காவிடம் சொன்னார்.

"மணி நாலு தாண்டிப் போச்சே. இன்னிக்கும் சாப்பாடு கிடையாதுல்ல?"

அக்கா கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"பரவால்லம்மா" என்றார் அவர். "நீ சொன்னா சரிதான். நான் தாங்கிக்கிறேன்."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கோபமோ குத்தலோ அதில் கடுகளவும் இல்லை. பசித்த ஒரு மனிதர், தன் பெண்டாட்டி வருத்தப்படக் கூடாது என்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நோய் தலைக்கு ஏறிவிட்டதா, அல்லது அன்றைக்கு ஏணியில் நின்ற நேரத்தில் நாங்களே கொண்டுபோய் ஏற்றிவிட்டோமா, இதை இனி எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

"யாரு சொன்னா கிடையாதுன்னு" என்றாள் அக்கா. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "இருங்க, ஒரு நிமிஷம்."

அடுப்பைப் பற்றவைத்தாள். இன்னொரு முட்டையைத் தண்ணீரில் போட்டாள். அது வெந்ததும் உரித்து, உப்புத் தூவி அவர் முன்னால் வைத்தாள். அவர் என்னைப் பார்த்து, "நீயும் ஒரு வாய் சாப்பிடேன்" என்றார். சாப்பிட்டாயிற்று அண்ணே என்றேன். அவர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் போலக் கண்ணை மூடி மென்றார்.